தைரியராஜியின் சிவப்புப் புள்ளிகள்

அவர்கள் கேட்டது ஒரே ஒரு போட்டோதான். கட்டுரையை ஏற்றுக்கொண்டாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது, மூன்றாவது படத்தில் மட்டும் சிவப்புப் புள்ளிகள் மங்கலாகத் தெரிகின்றன, கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள் என்று பத்திரிகையிலிருந்து மெயில் வந்திருந்தது. வேணி அதைப் படித்துவிட்டு, இதென்ன பிரமாதம் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டு தொடங்குகிற வேலையில்தான் மனுஷருக்கு வினை வந்து சேர்கிறது.

வேணி திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியர். வருஷா வருஷம் கரப்பான்பூச்சியின் வாயையும் மண்புழுவின் குடலையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டியே கை காய்த்துப் போனவள். கடல் பிராணிகள் மேல் அவளுக்கு இருந்த பைத்தியத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "சித்திரை மாசத்துல காவிரியிலயே கால் நனைக்கத் தண்ணி இல்ல, உனக்கு ஆழ்கடல் கேக்குதா?" என்று அவள் புருஷன் கலையரசனே கிண்டல் செய்வான். நியாயமான கிண்டல்தான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

ஆனால் போன வருஷம் கடலே அவளைத் தேடி வந்தது. எம்.எஸ்ஸி.யில் கூடப் படித்த நஜீமா ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் வேலை பார்க்கிறாள். வங்காள விரிகுடாவில் வெயில் எட்டவே எட்டாத ஆழத்துக்கு வலையை இறக்கியபோது, எலுமிச்சம்பழ அளவில் ஒரு ஜெல்லிமீன் ஏறி வந்தது. கொஞ்சம் கிழிந்திருந்ததால் கப்பலில் யாரும் சீண்டவில்லை. "உனக்குத்தான் இதுமேல ஆசையாச்சே, வச்சுக்க" என்று ஃபார்மலின் ஜாடியில் போட்டு நஜீமா அனுப்பிவைத்தாள்.

ஜெல்லிமீன் என்றதும் கடற்கரையில் பிளாஸ்டிக் பை மாதிரி ஒதுங்கிக் கிடப்பதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஹைட்ரோசோவா என்ற வேறு வகுப்பு. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். உச்சியிலிருந்து எட்டுக் கால்வாய்கள் குடைக்கம்பிகளாக விளிம்புக்கு இறங்கும். விளிம்பைச் சுற்றி இழைகள் தொங்கும். இது சேர்ந்த ஆழ்கடல் கூட்டத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது தொட்டால் போதும், இழைகளை உதறிப் போட்டுவிட்டு ஓடிவிடும். அதனால் இழைகளை எண்ணி இனம் பிரிக்கலாமென்றால் ஜாடிக்குள் வெறும் அடிக்கட்டைகள்தான் மிஞ்சியிருக்கும். வேணியிடம் வந்ததும் அப்படித்தான். ஆனால் அதன் எட்டுக் கால்வாய்களிலும் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. இந்தக் கூட்டத்தில் அறியப்பட்ட வேறெந்த இனத்துக்கும் அப்படிப் புள்ளிகள் கிடையாது. வேணி மாதக்கணக்கில் பழைய கட்டுரைகளையெல்லாம் தலைகீழாகப் படித்து, இது புது இனம் என்று எழுதினாள். புது இனம் என்றால் பெயர் வைக்க வேண்டுமே. விஞ்ஞான வழக்கப்படி ஓர் ஆளின் பெயருக்குக் கடைசியில் 'இ' சேர்த்து, 'தைரியராஜி' என்று வைத்தாள்.

பெயருக்கு உரியவர் துறைத்தலைவர் தைரியராஜ். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பாலக்கரைக்காரர், வாய்த்துடுக்கு மிக்கவர், நாட்டில் ஜெல்லிமீன் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும், முக்கால்வாசிப் பேருக்குப் பிடிக்காது. காரணம், அவர் ஆயுள் முழுக்கச் செய்தது பெயர் வைக்கிற வேலை இல்லை, பெயரை அழிக்கிற வேலை. யாராவது புது இனம் என்று கொடி நாட்டினால், அந்த ஜாடியை வரவழைத்துப் பார்த்து, "இது புதுசும் இல்ல, புடலங்காயும் இல்ல, பழைய இனத்தோட குட்டி" என்று நிரூபித்துவிடுவார். அப்படி அவர் கையால் போய்ச் சேர்ந்த பெயர்கள் பல. கொச்சியில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒருவர், இறந்துபோன தன் மனைவியின் பெயரை ஒரு ஜெல்லிமீனுக்கு வைத்திருந்தார். தைரியராஜ் மேடையேறி, நாலே படம் காட்டி, அந்த இனமே இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த மனிதர் எழுந்து வெளியே போனவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூடத் திரும்பி வரவில்லை.

இப்பேர்ப்பட்டவர், வேணி தன் பெயரை வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் குழந்தையாகிப் போனார். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தை அச்செடுத்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி லூர்து, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடமே சொல்லி அறிவிக்க வைத்துவிட்டார். பிரிவுபசார விழாவுக்கு ஃப்ளெக்ஸும் அடித்தாயிற்று. அதில் ஒரு பக்கம் தைரியராஜ் கோட்டுப் போட்டுச் சிரித்தார், மறுபக்கம் அவரைவிடப் பெரிதாக ஜெல்லிமீன்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் வேணி ஜாடியைத் திறந்து, பிராணியைக் கண்ணாடித் தட்டுக்கு மாற்றி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள். முதலில் ஒரு போட்டோ எடுத்தாள். அடுத்ததில் வெளிச்சம் இன்னும் சரியாக விழ வேண்டுமென்று ஊசியால் கால்வாயை லேசாக நிமிர்த்தினாள். ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது.

புள்ளி நகரக்கூடாது. மச்சம் எங்காவது நகருமா? வேணி ஊசியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். புள்ளி இருந்த இடத்தில் தோல் பளிங்காக இருந்தது, மெல்லிய இளஞ்சிவப்புக் கறை மட்டும் பாக்கி. புள்ளியோ தனியாகத் தட்டில் உருண்டு கிடந்தது. ஒரு துகள். இன்னொன்றைத் தொட்டாள். அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது, பிறகு அதுவும் வந்துவிட்டது.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். ஏனென்றால் அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பார்க்கிற நிறம்.

ஆயுத பூஜை அந்தத் துறையில் பெரிய விசேஷம். மைக்ராஸ்கோப், தராசு, ஃப்ரிட்ஜ், எலும்புக்கூடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ஜாடிகளுக்கும் உண்டு. அதைச் செய்வது வேறு யாரும் இல்லை, தைரியராஜ்தான். பாலக்கரைக் கோயிலில் பாட்டுக் குழுவில் நின்று பாடுகிற மனுஷர், ஆயுத பூஜை வந்துவிட்டால் குங்கும டப்பாவை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். "வருஷம் பூரா எனக்குச் சோறு போடுறது இந்த ஜாடிங்கதான். நான்தான் வைப்பேன்" என்பார். பொட்டு வைத்து முடித்துவிட்டு, பொரிகடலையை முதல் ஆளாக அள்ளுவதும் அவர்தான்.

நஜீமாவின் ஜாடி வந்து இறங்கியதே ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான். வேணி அதைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் மற்ற ஜாடிகளோடு அதுவும் மேசையில் நின்றது. தைரியராஜ் அதற்குப் பொட்டு வைத்தார். வைத்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஜாடிக்குள் போடுகிற அடையாளச் சீட்டு பிராணியின் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏம்மா, சீட்டு இப்படி ஒட்டிக்கிட்டிருந்தா சதை நைஞ்சிடாதா?" என்று மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சீட்டை எடுத்து ஓரமாக நிறுத்தினார். கையுறை போடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. இந்த விரலில் ஓடுவது ரத்தம் இல்லை ஃபார்மலின் என்று பெருமையடிப்பவர். அந்த விரலில் அன்றைக்குக் குங்குமமும் இருந்தது.

வேணி பக்கத்தில் நின்று பொரி தின்றுகொண்டு அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் முதன்முதலில் அந்தப் பிராணியை மைக்ராஸ்கோப்பில் வைத்தது தீபாவளிக்கு அப்புறம். அப்போது புள்ளிகள் இருந்தன. இருந்ததை எழுதினாள்.

இப்போது அவள் பூஜை அலமாரிக்குப் போய்க் குங்கும டப்பாவை எடுத்துவந்து, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். அதே துகள். ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றாகவே இருக்க வேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வக்கீல் வைத்து வாதாடியிருந்தால்கூட அவளுக்காக இவ்வளவு பரிந்து பேசியிருக்க மாட்டார்கள்.

உடனே நஜீமாவுக்குப் போன் போட்டாள். "கப்பல்ல புடிச்சப்ப அதுமேல சிவப்பு இருந்துச்சா? ஞாபகப்படுத்திச் சொல்லேன்."

"அடிப்பாவி, ஒரு வருஷம் ஆகப்போகுது. அன்னைக்கு வலையில நூறு உருப்படி வந்துச்சு. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றாள் நஜீமா. "போன்ல ஒரு போட்டோ எடுத்தேன்னு நெனக்கிறேன். தேடி அனுப்புறேன். எதுக்குக் கேக்குற? கட்டுரைதான் ஓகே ஆயிடுச்சுன்னியே?"

"சும்மாதான்" என்றாள் வேணி. அவளுடைய குரலே அவளுக்குத் திருட்டுக்குரலாகக் கேட்டது.

போட்டோ வரும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லூரியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள், ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள், ஏறிய பிறகுதான் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வருவதைக் கவனித்தாள். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேருக்குக் கிராமத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். பாலத்திலேயே பஸ் நின்றுவிட்டது. கீழே காவிரி மணலாகக் கிடந்தது. வேணி போனை எடுத்துப் பார்த்தாள், உள்ளே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பக்கத்தில் நின்ற அம்மாள், "யாராச்சும் ஆஸ்பத்திரில இருக்காங்களாம்மா?" என்று பரிவோடு கேட்டார்.

போட்டோ வந்தது. வேணி அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, திருப்பிப் பார்த்தாள். வெள்ளைத் தட்டு, நடுவில் பிராணி, சரியாக அதன் மேலே கப்பல் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு. புள்ளி இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. பாழாய்ப்போன அந்த வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் அவள் பயந்துபோனாள்.

வீட்டில் கலையரசன், "என்ன, சாம்பார்ல உப்பே இல்ல" என்றான். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். கேட்டு முடித்ததும் முதலில் சிரித்துவிட்டான், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சரி, இதே மாதிரி இன்னொன்னு இருந்தா ஒத்துப் பாத்துடலாம்ல?"

"இன்னொன்னு எங்கங்க இருக்கு? உலகத்துல இந்த ஒன்னுதான். மறுபடி எவன் எப்ப அந்த ஆழத்துல வலை போட்டு, அது கிழியாம மேல வரப்போகுது? நாம செத்து நாப்பது வருஷம் கழிச்சு வரலாம்."

"அப்ப யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றாள் வேணி.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனாள். பிள்ளைகள் நாகப்பட்டினத்துக்குப் போய்ச் சேகரித்துவந்த சாதாரண ஹைட்ரோசோவா ஜெல்லிமீன்கள் சில ஒரு ஜாடியில் இருந்தன. கரையோரத்துச் சில்லறைச் சாதி, அதற்கும் கால்வாய்கள் உண்டு. ஒன்றை எடுத்துப் புது ஃபார்மலினில் போட்டாள். குங்குமத்தில் விரலைத் தோய்த்து, அந்த ஜாடிக்குள் கையை விட்டுச் சீட்டு ஒன்றை நகர்த்தினாள். தைரியராஜ் எப்படிச் செய்தாரோ அப்படியே. பிறகு மூன்று வகுப்பு எடுத்தாள். என்ன எடுத்தாள் என்பது பிள்ளைகளுக்கே வெளிச்சம்.

சாயங்காலம் பார்த்தபோது துகள்கள் மேலிருந்து கீழே இறங்கியிருந்தன. வழவழப்பான இடத்திலெல்லாம் வழுக்கிப் போய், கால்வாய்ப் பள்ளங்களில் மட்டும் தங்கி, வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இதற்கும் ஒரு பெயர் வைக்கலாம் போல இருந்தது. வேணி நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். பதினான்கு வருஷ வேலையில் அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்தது அந்த ஒரு கட்டுரை.

சனிக்கிழமை பாலக்கரைக்குக் கிளம்பினாள். சொல்லிவிட வேண்டும், அவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்த லூர்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வா வேணிம்மா, ஆயுசு நூறு. இப்பதான் உன்னப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல பாரு, இவரு பேரு இவரோட போயிடுமேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குறை. நீ கடலுக்கடியில கொண்டுபோயி வச்சுட்ட. உக்காரு, கேசரி சாப்பிடு."

வேணி கேசரியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். அதுவும் சிவப்பாக இருந்தது. தைரியராஜ் எதிரில் உட்கார்ந்து, விழாவில் பேசப்போகும் உரையை வாசித்துக் காட்டினார். வாயெல்லாம் பல். வேணி தலையை ஆட்டினாள். இந்த வீட்டுக்குள் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. எழுந்து, "போயிட்டு வரேங்க அம்மா" என்றாள். எதிர்பார்த்தபடியே தைரியராஜ் பஸ் ஸ்டாப்வரை துணைக்கு வந்தார்.

பாலக்கரை ரவுண்டானாவில் சாயங்கால நெரிசல். பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நின்றன.

"சார், அந்தப் புள்ளிங்க நிஜம் இல்ல" என்றாள்.

"என்னம்மா?" அவர் காதைக் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"சிவப்புப் புள்ளி சார். அது பிராணியோடது இல்ல."

ஒரு பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். "கேக்கல, சத்தமாச் சொல்லு!"

"குங்குமம் சார்!" வேணி கத்தினாள். "அது குங்குமம்! ஆயுத பூஜை அன்னைக்கு நீங்க கைய விட்டீங்க!"

பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பஸ் போய்விட்டது. தைரியராஜ் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வேணி ஊசி பட்டு நகர்ந்த துகளையும், நாகப்பட்டினத்து ஜெல்லிமீனையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"நிறமி சில சமயம் உதிரும் மேடம்" என்றார் அவர். கோபம் வந்தால் வேணிம்மா போய் மேடம் வந்துவிடும். "ஆழ்கடல் பிராணிகள்ல செவப்பு சகஜம். நீங்க அவசரப்படுறீங்க."

"நானும் அப்படித்தான் சார் நெனச்சுப் பாத்தேன்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

வேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் இருக்கிற பெயரையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் அழித்த மனுஷர் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அதே கேள்வியைத்தான் அவளும் இரண்டு நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"என் வீட்டுக்காரருக்குத் தெரியும் சார். வேற யாருக்கும் தெரியாது."

"பஸ் வருது, ஏறுங்க" என்றார் தைரியராஜ்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேணி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். ஹாலிலிருந்து சமையல்கட்டு, சமையல்கட்டிலிருந்து பால்கனி. கம்ப்யூட்டரில் பத்திரிகைக்கு இரண்டு மெயில்கள் தயாராக இருந்தன. ஒன்றில் போட்டோ இணைத்திருந்தாள், வியாழக்கிழமை ஊசி படுவதற்கு முன்னால் எடுத்தது, புள்ளிகள் பவழமாகத் தெரிந்தன. இன்னொன்றில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இரண்டே வரி. போட்டோ போனால் லூர்து அம்மாளின் குறை தீரும், சாரின் பேச்சு அரங்கேறும், தன் பெயரும் அச்சில் வரும். அனுப்பாமல் விட்டால் எல்லாரும் கெட்டது இவளால் என்றாகும். "எதையாச்சும் ஒன்ன அனுப்பித் தொலை, நடந்தே தரையைத் தேச்சுடுவ போலிருக்கு" என்றான் கலையரசன்.

போன் அடித்தது. தைரியராஜ். "லேப் சாவி உங்ககிட்டதான இருக்கு? கொண்டு வாங்க."

கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஜெபமாலை துருத்திக்கொண்டிருந்தது. வணக்கத்துக்குப் பதில்கூடச் சொல்லாமல் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். வேணி பிராணியைத் தட்டில் எடுத்து வைத்தாள். பக்கத்திலேயே நாகப்பட்டினத்து ஜெல்லிமீனையும் வைத்தாள்.

அவர் பார்த்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார். நிமிராமலே ஒவ்வொன்றாகக் கேட்டார். எட்டுக் கால்வாயிலும் இருக்கிறதே, ஒரு விரலிலிருந்து விழுந்தது எப்படி எட்டிலும் போகும்? ஜாடியோடு ஆட்டிக் கொண்டுபோனோமே சார், பரவியிருக்கும். சீட்டு இருந்த பக்கம் அதிகமா? ஆமாம் சார், அந்தப் பக்கம்தான் அதிகம், கட்டுரையில் அதை இயல்பான வேறுபாடு என்று எழுதினேன். திசுவுக்கு உள்ளே ஏதாவது ஒரு புள்ளியாவது? இல்லை சார், எல்லாம் மேலேதான். எதிரிக் கட்சிக்காரரின் கட்டுரையைக் கிழிக்கும்போது எப்படிக் கேட்பாரோ அதே கேள்விகள், அதே அதட்டல். ஆனால் இந்த முறை ஒவ்வொரு பதிலுக்கும் அவருடைய தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டு வந்தது.

கடைசியில் அவரே ஒரு மெல்லிய தூரிகையை எடுத்தார். கால்வாய்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்தார். எட்டாவது கால்வாய் சுத்தமானதும் பிராணி வெறும் கண்ணாடியாகக் கிடந்தது. உலகத்தில் ஏற்கெனவே பெயர் உள்ள, புத்தகங்களில் படம் உள்ள, ஒரு பழைய ஜெல்லிமீன்.

"கொச்சியில அந்த மனுஷன் எந்திரிச்சுப் போனான்ல" என்றார். "அன்னைக்கு நான் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சுன்னு இன்னொரு தட்டு வாங்குனேன். இன்னைக்குப் பூசையில அதுதான் ஞாபகம் வந்துச்சு, வேற ஒன்னுமே கேக்கல எனக்கு."

"நான் வச்ச பேருதான் சார். தப்பு என்மேல" என்றாள்.

"தப்பு உன்மேல இல்ல, என் வெரல்மேல" என்றார். பிறகு திடீரென்று பதறிப்போய், "லூர்துகிட்ட எப்படிச் சொல்றது? சாமியார்கிட்டல்லாம் சொல்லி வச்சிருக்கா. அவளுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது. வேணி அவரை அப்படிப் பார்த்ததில்லை. பார்க்காதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, போனிலேயே அந்த இரண்டு வரி மெயிலை அனுப்பினாள். போய்விட்டது என்று போன் சொன்னது. வியாழக்கிழமையிலிருந்து முதல் தடவையாக அவளால் ஒரு இடத்தில் நிற்க முடிந்தது.

"அனுப்பிட்டேன் சார்."

"ம்." அவர் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். "வங்காள விரிகுடாவுல இந்த இனம் இதுவரைக்கும் கெடைச்சதா யாரும் எழுதல. அதையாவது ரெண்டு பக்கம் எழுது. பெரிய கட்டுரை இல்ல. ஆனா யாரும் வந்து அழிக்க முடியாது."

அடுத்து சீட்டு மாற்ற வேண்டும். ஜாடிக்குள் வேணி தன் கையெழுத்தில் 'தைரியராஜி' என்று எழுதிப் போட்ட சீட்டு இருந்தது. அதை அவர் இடுக்கியால் எடுத்து, காகிதத்தில் ஒற்றி, பாக்கெட்டில் ஜெபமாலையோடு வைத்துக்கொண்டார். புதுச் சீட்டை எடுத்து, பென்சிலைச் சீவி, பழைய இனத்தின் பெயரைப் பொடி எழுத்தில் எழுதினார். அதற்குக் கீழே ஒரு வரி எப்போதும் உண்டு. இது இன்னது என்று கண்டு சொன்னவர் யார் என்று எழுதுகிற வரி. அங்கே பென்சில் நின்றது.

"உங்க பேரப் போடுங்க சார்" என்றாள் வேணி. "தொடச்சுப் பாத்துச் சொன்னது நீங்கதான. ஜாடிக்குள்ள உங்க பேரு இருக்கட்டும். லூர்து அம்மாகிட்டயும் காட்டலாம்."

தைரியராஜ் மேசையின் இழுப்பறையைத் திறந்தார். அடியில் கிடந்த கையுறைப் பொட்டலத்தைத் தேடி எடுத்து, பிரித்து, முன்பின் பழக்கமில்லாததால் ஒவ்வொரு விரலாகத் திணறிக்கொண்டு போட்டார். அந்த வரியில் 'வேணி' என்று எழுதினார். சீட்டை ஓரமாக இறக்கி, பிராணிமேல் படாமல் நிறுத்தினார்.

"அந்த ஜாடிக்குள்ள என்னோடது ஒருதடவ போனது போதும் வேணிம்மா" என்றார், மூடியைத் திருகிக்கொண்டே.